எஞ்சின் நின்ற பிறகு

1909ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் காலை. ஆங்கிலக் கால்வாயின் நீர்ப்பரப்பில் ஒரு விமானம் மிதந்து கொண்டிருந்தது. அதன்மேல் இளைஞர் ஒருவர் அமர்ந்து, நிதானமாகச் சிகரெட் புகைத்துக் கொண்டிருந்தார். உதவிக்கு விரைந்து வந்த பிரெஞ்சுப் போர்க்கப்பலின் மாலுமிகள் கண்ட காட்சி இதுதான்.

அந்த இளைஞரின் பெயர் யூபேர் லாதம். கால்வாயை முதலில் பறந்து கடப்பவருக்கு 1000 பவுன் பரிசு தருவதாக லண்டன் நாளிதழான 'டெய்லி மெயில்' அறிவித்திருந்தது. அப்பரிசை நாடித்தான் அவர் பிரான்சின் கரையிலிருந்து புறப்பட்டார். சில மைல்கள் சென்றதும் அவருடைய விமானத்தின் எஞ்சின் நின்றுவிட்டது. கீழே கடல்; இறங்க ஒரு சாண் நிலம் கூட இல்லை. ஆனால் விமானம் கல்லைப் போல் விழவில்லை. சரிவாகச் சறுக்கி வந்து நீர்மீது அமர்ந்தது. மரத்தாலான உடலும் அகன்ற இறக்கைகளும் அதை மிதக்க வைத்தன. லாதமுக்கு எந்தக் காயமும் இல்லை.

ஆறு நாட்கள் கழித்து, ஜூலை 25 அன்று, லூயி பிளேரியோ கால்வாயைக் கடந்து பரிசைப் பெற்றார். உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. லாதம் தோற்றவராகவே நூல்களில் நிற்கிறார். எனினும் லாதமின் தோல்வியில் மிகப் பெரிய பாடம் ஒன்று இருந்தது. எஞ்சின் நின்றால் விமானம் விழுந்துவிடும் என்பது உண்மையன்று. அப்படியானால், எஞ்சின் நின்ற சிறு விமானங்களில் பலர் உயிரிழந்தது ஏன்? இக்கேள்விக்கு விடை காண விமானிகளுக்கும் அறிவியலாளருக்கும் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த வரலாற்றையே இக்கட்டுரையில் காண்போம்.

உயரம் என்னும் சேமிப்பு

விமானத்தைத் தூக்கி நிறுத்துவது எஞ்சின் என்று பலர் எண்ணுகின்றனர். என் வகுப்பு மாணவர்களிடம் கேட்டாலும் பெரும்பாலோர் அப்படித்தான் கூறுகின்றனர். உண்மையில் விமானத்தைத் தூக்குவது இறக்கை. இறக்கையின் மேலும் கீழும் காற்று விரைந்து ஓடும்போது தூக்கு விசை பிறக்கிறது. அந்த ஓட்டத்தைக் காற்றின் தடை மெல்ல மெல்லக் குறைக்கப் பார்க்கும். அந்தத் தடையை ஈடு செய்வதே எஞ்சினின் வேலை.

எஞ்சின் நின்றுவிட்டால் அந்த ஈட்டை வேறு எங்கிருந்தாவது பெற வேண்டும். அதைத் தருவது உயரம். சமவெளியில் சைக்கிள் ஓட மிதிக்க வேண்டும். சரிவில் மிதிக்காமலேயே ஓடும் அல்லவா? அதுபோலவே, விமானத்தின் மூக்கைச் சிறிது தாழ்த்தினால் அது காற்றில் ஒரு சரிவின் வழியே இறங்குகிறது. நிலை ஆற்றல் சிறிது சிறிதாகச் செலவாகிறது. வேகம் குறையாமல் நிற்கிறது. இறக்கை தொடர்ந்து தூக்குகிறது.

இதை ஒரு கணக்கால் விளங்கிக் கொள்ளலாம். செஸ்னா 172 என்பது 1956 முதல் உற்பத்தியாகி வரும் நான்கு இருக்கைச் சிறு விமானம். உலகில் மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமானமும் இதுவே. இதன் எஞ்சின் நின்றுவிட்டால், சரியான வேகத்தில் பறந்தால், ஒரு மீட்டர் உயரத்தை இழக்கும்போது ஏறத்தாழ 9 மீட்டர் முன்னே செல்லும். 300 மீட்டர் உயரத்தில் இருந்தால் 2.7 கிலோமீட்டர் தொலைவு வரை இறங்க இடம் தேடலாம். அந்தச் 'சரியான வேகம்' மணிக்கு ஏறத்தாழ 126 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 35 மீட்டர். இந்த வேகத்தில் விமானத்திடம் உள்ள இயக்க ஆற்றலை உயரமாக மாற்றினால் சுமார் 62 மீட்டர்தான் கிடைக்கும். எனவே 300 மீட்டர் உயரத்தில் இருக்கும் விமானிக்கு உயரமே பெரிய சேமிப்பு. வேகம் கைச்செலவுக்கு உள்ள பணம். சேமிப்பைச் சிறிது சிறிதாகச் செலவிடலாம். கைப்பணம் மட்டும் தீர்ந்துவிடக் கூடாது.

"விமானம் கனமாக இருந்தால் விரைவில் விழுந்துவிடாதா, ஐயா?" என்று ஒரு மாணவர் ஒரு முறை கேட்டார். நல்ல கேள்வி. சறுக்கும் தொலைவைத் தீர்மானிப்பது எடை அன்று. தூக்கு விசைக்கும் தடை விசைக்கும் உள்ள விகிதமே. எடை கூடினால் விமானம் அதே சரிவில் சற்று அதிக வேகத்துடன் இறங்கும், அவ்வளவுதான்.

இதற்கு ஒரு பெரிய சான்று 1983ஆம் ஆண்டு ஜூலை 23 அன்று கனடாவில் கிடைத்தது. ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானம் 41,000 அடி உயரத்தில் பறக்கும்போது எரிபொருள் தீர்ந்தது. இரண்டு எஞ்சின்களும் நின்றன. எரிபொருளின் நிறையைக் கிலோகிராமில் கணக்கிட வேண்டிய இடத்தில் பவுண்டுக்குரிய எண்ணைப் பயன்படுத்தியதே காரணம். லிட்டருக்கு 0.8 கிலோகிராம் என்பதற்குப் பதில் 1.77 என்று பெருக்கியிருந்தார்கள். அலகுகளை எழுத மறக்கும் மாணவர்கள் இதை மனத்தில் கொள்க. அப்பெரிய விமானம் 1 மீட்டர் இறங்கும்போது 12 மீட்டர் வரை முன்னே சென்றது. தலைமை விமானி இராபர்ட் பியர்சன் ஓய்வு நேரத்தில் எஞ்சின் இல்லாத கிளைடர் ஓட்டியவர். கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தில் அவர் விமானத்தை இறக்கினார். 69 பேரும் உயிர் பிழைத்தனர்.

லிலியந்தால் விட்டுச் சென்ற எச்சரிக்கை

சறுக்கிப் பறப்பது எஞ்சினுக்கு முன்பே தோன்றிய கலை. ஜெர்மானியப் பொறியாளர் ஒட்டோ லிலியந்தால் 1891 முதல் தாமே செய்த இறக்கைகளுடன் குன்றுகளிலிருந்து பறந்தார். ஏறத்தாழ 2000 முறை அவர் பறந்திருக்கிறார். 1896 ஆகஸ்ட் 9 அன்று, பறந்து கொண்டிருக்கும்போதே அவருடைய கிளைடர் காற்றில் நின்றதுபோல் தயங்கிப் பின் தலைகீழாய் விழுந்தது. உயரம் ஏறத்தாழ 15 மீட்டர்தான். மறுநாள் அவர் இறந்தார்.

அங்கே நின்று போக எஞ்சினே இல்லை. நின்று போனது இறக்கையின் வேலை.

இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தைத் தாக்கு கோணம் என்பர். இக்கோணத்தைக் கூட்டினால் தூக்கு விசையும் கூடும். ஆனால் ஓர் எல்லை வரைதான். சாதாரண இறக்கைகளுக்கு அவ்வெல்லை 15 பாகையை ஒட்டியது. அதைத் தாண்டினால் இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிய்த்துக்கொண்டு சுழல்களாகிவிடும். தூக்கு விசை திடீரெனச் சரியும். இதையே விமானிகள் 'ஸ்டால்' என்கின்றனர். எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் ஸ்டால் ஏற்படலாம். எஞ்சின் நின்ற பின்னும் ஸ்டால் ஏற்படாமல் பறக்கலாம். இவ்விரண்டும் வெவ்வேறு செய்திகள்.

லிலியந்தாலின் மரணச் செய்திதான் அமெரிக்காவில் ரைட் சகோதரர்களின் பழைய ஆர்வத்தைத் தூண்டியது. அவர்கள் எஞ்சினுக்கு அவசரப்படவில்லை. 1901இல் ஒரு சிறு காற்றுச் சுரங்கம் அமைத்து இறக்கை வடிவங்களை அளந்தனர். 1902இல் கிட்டி ஹாக் மணல்மேடுகளில் நூற்றுக்கணக்கான முறை கிளைடரில் பறந்து பழகினர். அதன் பிறகே 1903 டிசம்பர் 17 அன்று 12 குதிரைத் திறன் எஞ்சினுடன் எழுந்தனர். முதலில் இறங்கக் கற்று, பிறகு ஏறக் கற்றவர்கள் அவர்கள் எனலாம்.

கை செய்ய விரும்புவதும், செய்ய வேண்டியதும்

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எஞ்சின் நிற்கிறது. பேரோசை அடங்கி, காற்றின் இரைச்சல் மட்டும் கேட்கிறது. தரை நெருங்கி வருகிறது. அச்சமயம் மனிதனின் கை இயல்பாக என்ன செய்யும்? தரையை விட்டு விலகவே விரும்பும்; எனவே கட்டுப்பாட்டுக் கோலைத் தன் பக்கம் இழுக்கும். மூக்கு உயரும். ஒரு கணம் விமானம் இறங்குவது குறைந்ததுபோல் தோன்றும். ஆனால் வேகம் கரைகிறது. தாக்கு கோணம் கூடுகிறது. சில வினாடிகளில் ஸ்டால்.

அப்போது செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிரானது. தரை நெருங்கும் நேரத்தில் மூக்கைத் தரையை நோக்கித் தாழ்த்த வேண்டும். உயிர் காக்கும் செயல் உயிரைப் போக்கும் செயல்போல் தோன்றுவதுதான் இதிலுள்ள கொடுமை. 1944இல் வோல்ஃப்காங் லாங்கவிஷே எழுதிய 'ஸ்டிக் அண்ட் ரடர்' என்ற நூல் இக்கருத்தையே விமானிகளுக்கு விரிவாக விளக்கியது. இன்றும் அந்நூல் படிக்கப்படுகிறது.

இன்னோர் ஆசையும் உண்டு. இறங்க வேண்டிய வயல் சற்றுத் தொலைவில் இருக்கிறது. எட்டுமோ எட்டாதோ என்ற ஐயம். மூக்கைக் கொஞ்சம் உயர்த்தினால் இன்னும் கொஞ்ச தூரம் போகலாமே என்று தோன்றும். ஆனால் 9க்கு 1 என்ற விகிதம் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டுமே கிடைப்பது. அதைவிட மெதுவாகப் பறந்தால் தடை விசை கூடி, தொலைவு நீளாமல் குறையும். இழுத்தால் நீளும் என்பது கயிற்றுக்குப் பொருந்தும்; சறுக்குப் பாதைக்குப் பொருந்தாது.

லெப்டினென்ட் பார்க்கின் இரண்டு நாட்கள்

இந்த வரலாற்றில் என்னை மிகவும் பாதித்த கதை, பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி வில்ஃபிரட் பார்க் என்பவருடையது.

1912 ஆகஸ்ட் 25 அன்று இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில், இராணுவ விமானப் போட்டிக்காக அவர் ஓர் ஆவ்ரோ விமானத்தை ஓட்டினார். மூன்று மணி நேரச் சோதனையை முடித்து, வட்டமிட்டு இறங்கும்போது விமானம் திடீரெனத் திருகாணிபோல் சுழன்றபடி விழத் தொடங்கியது. இதற்கு 'ஸ்பின்' என்று பெயர். இறக்கைகளில் ஒன்று மற்றதைவிட ஆழ்ந்து ஸ்டால் ஆகும்போது இது நேர்கிறது. அக்காலத்தில் ஸ்பின்னில் சிக்கியவர் பிழைப்பது அரிது. பார்க் எஞ்சினுக்கு முழு ஆற்றல் கொடுத்துப் பார்த்தார். கோலை இழுத்துப் பார்த்தார். சுழலும் பக்கமே சுக்கானைத் திருப்பிப் பார்த்தார். பயனில்லை. கடைசி முயற்சியாகச் சுக்கானைச் சுழற்சிக்கு எதிர்ப் பக்கம் முழுவதும் தள்ளினார். சுழற்சி நின்றது. தரையிலிருந்து ஏறத்தாழ 50 அடி உயரத்தில் விமானம் அவர் கைக்கு அடங்கியது. பார்க் தரையிறங்கியதும், நடந்ததை ஒவ்வொரு கட்டமாகப் பிறர்க்கு விளக்கினார். விமானிகளின் கைகளிலும் பேச்சிலும் பரவிய அச்செய்தி 'பார்க்கின் பாய்ச்சல்' என்றே பெயர் பெற்றது.

அதே ஆண்டு டிசம்பர் 15. பார்க் லண்டனுக்கு அருகே ஹெண்டன் விமானத் திடலிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு நோக்கி, ஒரு பயணியுடன், ஹேண்ட்லி பேஜ் விமானத்தில் புறப்பட்டார். எஞ்சின் முழு ஆற்றல் தரவில்லை. விமானம் வெம்பிளி அருகே தாழப் பறந்தது. பார்க் புறப்பட்ட திடலுக்கே திரும்ப முயன்றதாகத் தெரிகிறது. திருப்பத்தில் விமானம் ஸ்டால் ஆகி விழுந்தது. இருவரும் உயிரிழந்தனர்.

ஸ்பின்னிலிருந்து மீளும் வழியைத் தம் உயிரைப் பணயம் வைத்துக் கண்டவர் அவர். ஆனால் தரைக்கு அருகே ஸ்டால் ஏற்பட்டால் அவ்வழியைப் பயன்படுத்த உயரமே இருப்பதில்லை. சேமிப்பு தீர்ந்த பின் கணக்கு அறிந்து பயன் என்ன?

பார்க்கின் கண்டுபிடிப்பு வீணாகவில்லை. 1917இல் ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தில் ஃபிரெடரிக் லிண்டமன் என்ற இயற்பியலாளர் தாமே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, வேண்டுமென்றே விமானத்தை ஸ்பின்னில் விழச் செய்தார். சுழலும் விமானத்துக்குள் அமர்ந்தபடியே அளவுகளை எடுத்துக் குறித்தார். ஸ்பின் என்பது ஸ்டால் ஆன இறக்கையின் நிலைத்த சுழற்சி என்பது எண்களால் விளங்கியது. ஒரு தனி விமானியின் கடைசி நேர முயற்சி, எல்லா விமானிகளும் கற்கும் பாடமாயிற்று.

திரும்புவதில் என்ன ஆபத்து?

வாசகர்களுக்கு ஓர் ஐயம் எழலாம். நன்கு அறிந்த ஓடுபாதை பின்னால் இருக்கிறது. அதற்குத் திரும்புவதில் என்ன தவறு?

விமானம் திரும்ப வேண்டுமானால் ஒரு பக்கம் சாய வேண்டும். சாயும்போது தூக்கு விசையின் ஒரு பகுதி விமானத்தைப் பக்கவாட்டில் இழுக்கச் செலவாகிறது. எடையைத் தாங்க மீதி போதாது. ஆகவே இறக்கை மொத்தத்தில் அதிகத் தூக்கு விசை தர வேண்டும். 45 பாகை சாய்ந்தால் 1.41 மடங்கும், 60 பாகை சாய்ந்தால் 2 மடங்கும் தேவை. தூக்கு விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே ஸ்டால் ஏற்படும் வேகம் இவ்வெண்களின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப உயரும்.

செஸ்னா 172எஸ் விமானத்தை எடுத்துக்கொள்வோம். நேராகப் பறக்கும்போது, மடிப்புகளை இறக்காத நிலையில், அதன் ஸ்டால் வேகம் வேகமானியில் ஏறத்தாழ 89 கிலோமீட்டர். 45 பாகைச் சாய்வில் அது 106 ஆகும். 60 பாகைச் சாய்வில் 126. அந்த விமானத்தின் சிறந்த சறுக்கு வேகமும் 126தான் என்பதை நினைவு கூர்க! நேரே சறுக்கும்போது முற்றிலும் பாதுகாப்பான அதே வேகம், செங்குத்தான திருப்பத்தில் ஸ்டால் வேகமாகிவிடுகிறது. வேகமானியில் முள் அசையவே இல்லை. ஆனால் ஆபத்து வந்துவிட்டது.

இனி உயரக் கணக்கு. வினாடிக்கு 35 மீட்டர் வேகத்தில் 45 பாகை சாய்ந்து திரும்பினால் வட்டத்தின் ஆரம் 125 மீட்டர். அரைவட்டம் முடிக்க 11 வினாடி ஆகும். நேர்ச் சறுக்கில்கூட வினாடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர் இறங்கும் விமானம், திருப்பத்தில் இன்னும் வேகமாக இறங்கும். அரைவட்டம் முடிந்தாலும் விமானம் ஓடுபாதையின் நேருக்கு வந்துவிடாது; 250 மீட்டர் பக்கவாட்டில் தள்ளியிருக்கும். மேலும் திரும்பி, மறுபடி நேராக்க வேண்டும். எஞ்சின் நின்றதை உணர்ந்து செயல்படுவதற்கே சில வினாடிகள் கழிந்துவிடும். போதிய உயரமும் முன்பயிற்சியும் உள்ளவர் திரும்பலாம். தாழ்ந்த உயரத்தில் திரும்புவதற்கு 'முடியாத திருப்பம்' என்றே விமானிகள் பெயர் வைத்திருக்கின்றனர். எனவேதான் பயிற்சி ஆசிரியர்கள், புறப்படும் முன்பே ஓர் உயரத்தை மனத்தில் குறித்துக்கொள்ளச் சொல்கின்றனர். அதற்குக் கீழே எஞ்சின் நின்றால் நேர் முன்னே, வலமிடமாகச் சிறிதே திரும்பி, கிடைத்த இடத்தில் இறங்க வேண்டும்.

எஞ்சின் ஏன் நிற்கிறது?

தொடக்க கால எஞ்சின்கள் சூடேறி நிற்கும். தீப்பொறி தவறி நிற்கும். ஜூலை 27 அன்று லாதம் மறுமுறை கால்வாயைக் கடக்க முயன்றபோதும், டோவர் கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் எஞ்சின் நின்று மீண்டும் கடலில் இறங்கினார். பின்னர் பொறியாளர்கள் ஒவ்வொரு குறையாகக் களைந்தனர். இன்றைய சிறு விமானங்களின் பிஸ்டன் எஞ்சினில் பெரும்பாலும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு தீப்பொறிச் செருகிகள் உண்டு. அவற்றுக்கு இரண்டு தனித்தனி மேக்னெட்டோக்கள் உண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது ஓட்டும். பேட்டரி செயலிழந்தாலும் கவலையில்லை.

ஆனால் எந்தப் பாகமும் உடையாமலேயே எஞ்சின் நிற்கும் ஒரு வழி உண்டு. அது கார்புரேட்டரில் படியும் பனிக்கட்டி. மண்பானையில் நீர் ஏன் குளிர்கிறது என்பது நமக்குத் தெரியும்; ஆவியாகும் நீர் பானையிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கார்புரேட்டரிலும் பெட்ரோல் விரைந்து ஆவியாகிறது. குறுகிய குழாயில் காற்றின் அழுத்தம் தாழ்வதாலும் குளிர்ச்சி கூடுகிறது. இரண்டும் சேர்ந்து வெப்பநிலையை 20 பாகை செல்சியசுக்கு மேலும் தாழ்த்தக்கூடும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், வெளியே 20 பாகை வெப்பம் உள்ள இதமான நாளிலும் கார்புரேட்டருக்குள் பனி படியும். குழாய் அடைபட, எஞ்சின் மெல்லத் தளரும்.

இதற்கு மருந்து, வெளியேற்றும் குழாயைச் சுற்றிச் சூடேறிய காற்றைக் கார்புரேட்டருக்குள் விடுவது. அதற்கான பிடியை விமானி இழுத்ததும் என்ன நேரும்? உருகிய பனி நீராகி எஞ்சினுக்குள் போவதால் அது முதலில் இன்னும் மோசமாக உதறும். பயந்துபோன புதிய விமானி பிடியைத் திரும்பத் தள்ளிவிடக்கூடும். பொறுத்திருந்தால் அடைப்பு நீங்கி எஞ்சின் தெளியும். மூக்கைத் தாழ்த்துவது போலவே, இங்கும் காக்கும் செயல் முதலில் கேடு செய்வதுபோல் தோன்றுகிறது. அறிவு மனத்தில் இருந்தால்தான் கை பொறுத்திருக்கும்.

தரையைத் தொடும் கணம்

எஞ்சினும் மீளவில்லை, ஓடுபாதையும் எட்டவில்லை. வயலோ திடலோதான் கிடைத்தது. இப்போது முக்கியமானது இயக்க ஆற்றல். செஸ்னா விமானம் மணிக்கு 74 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடுவதாகவும், காற்று 18 கிலோமீட்டர் வேகத்தில் வீசுவதாகவும் கொள்வோம். காற்றை எதிர்த்து இறங்கினால் தரை வேகம் 56. காற்றின் திசையிலேயே இறங்கினால் 92. வர்க்கங்களின் விகிதம் ஏறத்தாழ 2.7. திசையை மாற்றுவதாலேயே மோதலின் ஆற்றல் இவ்வளவு மாறுகிறது.

அந்த ஆற்றல் எவ்வளவு தொலைவில் செலவாகிறது என்பதும் முக்கியம். 56 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் 1.4 மீட்டருக்குள் சீராக நின்றாலும், அதில் உள்ளவர் மேல் செயல்படும் விசை அவர் எடையைப்போல் ஏறத்தாழ 9 மடங்குதான். தோள்வார் சரியாக அணிந்த உடல் இதைத் தாங்கும். சுவரில் மோதினால் தாங்காது. புதர், வேலி, இளஞ்செடிகள் இறக்கைகளைப் பிய்த்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தால் உள்ளிருப்பவர் பிழைப்பார். விமானம் போனால் போகட்டும். ஆள் பிழைக்க வேண்டும்.

இந்த எண்ணத்துக்கு அறிவியல் அடித்தளம் இட்டவர்களுள் ஹியூ டி ஹேவன் முதன்மையானவர். முதல் உலகப் போரில் விமானப் பயிற்சியின்போது ஒரு கொடிய விபத்தில் உயிர் தப்பியவர் அவர். தாம் ஏன் பிழைத்தோம் என்ற கேள்வி அவரை விடவில்லை. 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களை ஆராய்ந்து 1942இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். விசை எவ்வளவு தொலைவிலும் உடலின் எவ்வளவு பரப்பிலும் பரவுகிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது என்று காட்டினார். பிழைத்தது அதிர்ஷ்டம் என்று விட்டுவிடாமல், அதற்கும் இயற்பியல் காரணம் உண்டு என்று தேடியவர் அவர். விமானங்களிலும், பின்னர் கார்களிலும் இருக்கை வார்கள் பரவியதில் அவருடைய பணிக்குப் பங்குண்டு.

ஒரு மரையாணியளவு காரணம்

இவ்வளவையும் ஒரே நிகழ்ச்சியில் காண வேண்டுமானால் 2015 மார்ச் 5ஆம் நாளைக் கூறலாம். அமெரிக்கத் திரைப்பட நடிகர் ஹாரிசன் ஃபோர்டு, அனுபவமிக்க விமானி. அன்று கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா விமான நிலையத்திலிருந்து, 1942இல் செய்யப்பட்ட ரையன் பயிற்சி விமானத்தில் தனியாகப் புறப்பட்டார். மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் ஆற்றல் இழந்தது. உடனே திரும்பி இறங்க அனுமதி கேட்டார். ஆனால் ஓடுபாதை எட்டாது என்று கண்டதும் அந்த ஆசையை விட்டார். சுற்றிலும் வீடுகள் நெருங்கிய பகுதி. நடுவே பென்மார் கோல்ஃப் திடல் மட்டும் வெளியாக இருந்தது. அதை நோக்கிச் சறுக்கினார். ஒரு மரத்தின் உச்சி இறக்கையில் மோத, விமானம் திடலில் விழுந்தது. அவர் பலத்த காயமடைந்தார், உயிர் பிழைத்தார். தரையில் இருந்த எவருக்கும் தீங்கில்லை.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையாணி, நாளடைவில் தன் இடத்திலிருந்து தளர்ந்திருந்தது. அதனால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாய்ந்து எஞ்சின் தளர்ந்தது. தோள்வார் இருக்கையுடன் சரியான முறையில் பிணைக்கப்படாததால் காயம் கூடியது என்றும் வாரியம் கூறியது. லாதமுக்குப் பின் 106 ஆண்டுகள் கழிந்தும் எஞ்சின் நிற்கத்தான் செய்கிறது. ஆனால் எட்டாத ஓடுபாதையை விட்டுவிட்டு எட்டிய திடலை ஏற்றுக்கொண்டதில், பார்க் முதலியோர் உயிர் கொடுத்து வாங்கிய பாடம் இருந்தது. தோள்வாரைப் பற்றி வாரியம் எழுதிய வரியில் டி ஹேவனின் கேள்வி இருந்தது.

விபத்துகளைப் பற்றிப் படிக்கும்போது நாம் பெரும்பாலும் வீரத்தைத் தேடுகிறோம். வீரம் வேண்டியதுதான். ஆனால் எஞ்சின் நின்ற விமானத்தில், வீரத்தைவிட ஒரு சிறிய அறிவு மேலானது. இறக்கை இன்னும் வேலை செய்கிறது. அதற்கு வேண்டியது வேகம். வேகத்தை உயரம் தரும். ஆகவே மூக்கைத் தாழ்த்து. இதை அமைதியான நேரத்தில் கற்றுக்கொண்டவனுக்குத்தான் அந்த அச்சமான நேரத்தில் அது நினைவுக்கு வரும். மாணவர்களே, விசைகளின் படத்தை உங்கள் குறிப்பேட்டில் வரையும்போது, இப்படத்தை அறியாமல் இறந்தவர்களும் அறிந்ததால் பிழைத்தவர்களும் உண்டு என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.